தலைவர் கூறியது

பிப்ரவரி 6

இப்படி உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிப்பு. யாரிடம் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் காகிதத்தில் பேனா பட்டால் அது ஏதாவது காரியத்துக்காக இருக்கும். பகல் முழுக்க மற்றவர்கள் பேசியதை எழுதுகிறவள் வீட்டுக்கு வந்தும் எழுதினால் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

நகர மன்ற அலுவலகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தபின் இன்று முதல் கூட்டம். யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பு எழுதுவது என் வேலை. தலைவர் ஒரு பெண். பதவி இந்த முறை பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால் நின்று ஜெயித்தவர். ஆனால் தலைவர் நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்தார். தலைவர், கோப்பு அலமாரியின் ஓரத்தில், என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில். யாரும் இதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. கணவரைத் தலைவரண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள்.

கணவர் பேசியதை யார் பேசியதாக எழுத வேண்டும் என்று தலைமை எழுத்தரிடம் கேட்டேன். "தலைவர் கூறியதுன்னு போட்டுக்கம்மா. அவர் பேசினா அவங்க பேசின மாதிரி."

போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 7

அம்மாவுக்கு மறுபடியும் அடிவயிற்றில் எரிச்சல். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன டாக்டரிடம் சமர்த்தாகத் தலையாட்டினாள். சந்தையில் காய் விற்கிறாள். காலையில் போனால் மாலை திரும்பும் வரை ஒரு மடக்குக் குடிக்க மாட்டாள். குடித்தால் போக இடமில்லை. அங்கே உட்காரும் பெண்கள் எல்லோருமே இப்படித்தான். தண்ணீர் குடி என்று நான் அவளிடம் சொல்வதில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

பிப்ரவரி 20

கூட்டம். சந்தைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்றார் தலைவரண்ணன். இரும்புக்கடை உறுப்பினர் உடனே ஆமாம் போட்டார். அதில் ஒரு கடை அவருக்குத்தான் என்று வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

அப்போது என் பக்கத்தில் ஒரு குரல். "அங்க பொம்பளைங்களுக்கு ஒரு பாத்ரூம் கட்டினா என்ன." தலைவர் யாரிடமும் சொல்லவில்லை, தன் விரல்களிடம் சொன்னார். எனக்கு மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு எழுதினேன்: சந்தைக்குப் பின்னுள்ள இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டலாம் எனத் தலைவர் கூறியது.

தலைவர் கூறியதைத்தானே எழுதச் சொன்னார்கள்?

பிப்ரவரி 21

ஏன் எழுதினேன்? எனக்கு எங்கிருந்து இவ்வளவு துணிச்சல்? துணிச்சல் இல்லை — கை தானாகப் போனது. அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள். ஜூனில் என் வேலையை நீட்டிக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமை எழுத்தர்.

அப்பாவிடம் லேசாகச் சொன்னேன். மூட்டை இறக்கிவிட்டு வந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு. நம்ம வீட்லயே மொத ஆளா நீதான் நிழல்ல உக்காந்து வேல பாக்கற."

பிப்ரவரி 25

அந்த வரியை அடிக்கவில்லை.

மார்ச் 6

ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் போன கூட்டத்தின் குறிப்பைத் தலைமை எழுத்தர் மூச்சு விடாமல் படிப்பார். யாரும் கேட்க மாட்டார்கள். கடைசியில் கையெழுத்து. அதை நம்பித்தான் இருந்தேன்.

இன்று அந்த வரியையும் அதே வேகத்தில் படித்துத் தாண்டிப் போய்விட்டார். தையல்கடை வைத்திருக்கும் பெண் உறுப்பினர்தான், "நில்லுங்க, அத திரும்பப் படிங்க" என்றார். படித்தார்.

தலைவரண்ணன் நிமிர்ந்தார். தான் அப்படிச் சொல்லவே இல்லை, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றார். தலைமை எழுத்தர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தலைவர் சொன்னதாத்தானே இருக்கு. உங்கள யாரு கேட்டா தம்பி?" என்றார் தையல்கடை அம்மா. நாலு பேர் சிரித்தார்கள். தலைவரண்ணனும் சிரித்தபடியே மனைவி பக்கம் திரும்பினார். "நீயா சொன்ன?"

இல்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். வரி போகும், இடம் போகும், நானும் போவேன். நான் அலமாரியின் துருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நகரும் சத்தம். தலைவர் எழுந்திருந்தார். "நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு." பிறகு, கீழே பார்த்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அந்தச் சந்தையில உக்காந்தவதான்."

அவர் கணவருக்கு அது தெரியாதா என்ன? தெரியும். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது.

முன்பக்கம் கடைகள், பின்பக்கம் கழிப்பறை என்று முடிவானது. கை தூக்கும் நேரத்தில் இரும்புக்கடைக்காரருக்கு போன் வந்துவிட்டது.

மார்ச் 7

கல்லூரியில் 'நாட்டை உருவாக்கியதில் பெண்களின் பங்கு' என்று பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக எழுதி எட்டு வாங்கினேன். போராட்டம், சட்டம், கல்வி, விண்வெளி எல்லாம் இருந்தது. தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது இல்லை.

மார்ச் 20

தலைவர் முன்னதாகவே வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த கணவர் வாசலில் நின்றார், பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார், வெளியே பெஞ்சுக்குப் போய்விட்டார். மனைவியைத் தன் பைக்கில் கூட்டி வந்து கூட்டிப் போவதோடு சரி. காவலாளி இப்போது அவரை டிரைவரண்ணன் என்கிறார், காதுபடவே.

தலைவரின் குரல் இன்னும் எழும்பவில்லை. இரண்டு தடவை "சத்தமா, சத்தமா" என்றார்கள்.

ஜூன் 2

வேலை நீட்டிப்பு கிடைத்தது. ஆனால் வரிப் பிரிவுக்கு மாற்றல். அங்கே யாரும் எதுவும் கூறுவதில்லை. தலைமை எழுத்தர், "உனக்கு நல்லதுக்குத்தாம்மா" என்றார். யாருக்கு நல்லதோ.

தலைவர் படிக்கட்டில் பார்த்து நிறுத்தினார். ஏதாவது வேண்டுமென்றால் கேட்கச் சொன்னார். "ஒண்ணும் இல்லக்கா" என்றேன். கேட்க வேண்டிய ஒன்று இருந்தது. அது அவரிடம் அல்ல, கழிப்பறை திறந்ததும் அம்மாவிடம் கேட்க வேண்டியது.

அக்டோபர் 14

போன வாரம் கழிப்பறையைத் திறந்தார்கள். வரைபடத்தில் இருந்ததைவிடச் சின்னது. ஒரு கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது.

அம்மா நேற்று வரை அந்தப் பக்கமே போகவில்லை. இன்று வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாரோ பெரிய இடத்து வீட்டைப் பார்த்து வந்தவள் மாதிரி, "உள்ள லைட்டெல்லாம் போட்டிருக்காங்க" என்றாள்.

நான் கல்லூரிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்துக் கழுவினேன். நிரப்பி அவள் கூடைக்குள் வைத்தேன்.

"அம்மா, நாளைக்கு இத எடுத்துட்டுப் போ. திருப்பிக் கொண்டு வரும்போது காலியா இருக்கணும்."