ஒற்றைக் கைக்கு எழுந்த கொக்குகள்

அன்புள்ள அப்பாவுக்கு, அல்மாட்டியிலிருந்து மீரிம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நன்றாகத் தூங்குகிறாளா?

எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு புதுமையான சுவர் செய்திருக்கிறோம். எதிரே நின்று இரு கைகளையும் விரித்தால், கேமரா அதைக் கண்டுகொண்டு, சுவரில் ஒளியால் ஆன கொக்குக் கூட்டம் எழுந்து பறக்கும். திறப்பு விழாவுக்கு முன் அதைப் பார்வையாளர்களிடம் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சனிக்கிழமை காலை ஒராஸ்பெக் என்று ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் வந்தார். அவருக்கு வலது கை இல்லை. இடது கையை விரித்தார். ஒரு கொக்குகூட அசையவில்லை.

"ஏம்மா, உங்க கொக்குக்கு அரை ஆள் கண்ணுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வருஷ உழைப்பில் எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லையே!

"கொஞ்சம் இருங்க ஐயா, சரி பண்ணிடறோம்" என்று சொல்லிவிட்டேன்.

கணினி வேலை பார்க்கும் தில்னாரா பாய்ந்தாள். "புதன்கிழமை விழாடி! இப்பப் போய் மாத்தினா மொத்தமும் படுத்துக்கும்."

திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்து மாற்றினாள். மூன்று மணி நேரம் அவர் தேநீர் குடித்தபடி எங்களைக் கேலி செய்துகொண்டிருந்தார். பிறகு எழுந்து கையை உயர்த்தினார்.

சுவர் முழுக்கக் கொக்குகள், அப்பா! தில்னாரா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவரோ கையை இறக்க மனம் வராமல் அப்படியே நின்றார்.

உலர்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்புங்கள். புதன் மாலை ஆறு மணிக்குப் போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். விழாவுக்கு எல்லார் வீட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நான் உங்களை வீடியோவில் கூப்பிடுவேன்.

அடுத்த குழு வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
மீரிம்