நாலாவது தலைக்குச் சந்தா

1931 அக்டோபர் 4, ஞாயிறு

பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க இன்று ஒரே பேச்சுதான். நேற்றுச் சம்பளம் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரர் வேலை செய்யும் இரும்புப் பட்டறை முற்றத்தில் ஆட்களை நிற்க வைத்து, கணக்கெழுதும் கிராணியார் ஒரு காகிதம் வாசித்தாராம். வருகிற ஜனவரியிலிருந்து பட்டறை மருந்துக்கடையில் குடும்பத்தாருக்குச் சும்மா மருந்து கிடையாது. வியாபாரம் படுத்துவிட்டதாம். அதற்குப் பதிலாக வைத்திய சகாய நிதி என்று ஒன்று வரும். தலைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா, சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். சேர்ந்தவர்களுக்கு மருந்து உண்டு. சேராதவர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

"இப்ப யோசனைதான். அபிப்பிராயம் இருந்தா சொல்லலாம்னு துரை சொல்றாரு" என்றார் இவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

என் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்? தங்கமணி பிறந்ததிலிருந்து எனக்கு நெஞ்சு சரியில்லை. இருதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். காலையில் ஒரு மூடி மருந்து குடித்தால் மனுஷியாக நடமாடுகிறேன். குடிக்காவிட்டால் கால் வீங்கிப் போகும், படுத்தால் மூச்சு முட்டும். அந்த மருந்து அந்தக் கடையில்தான் வாங்குகிறோம்.

அக்டோபர் 10, சனி

பட்டறை இனி வாரத்தில் நாலு நாள்தானாம். பட்ட காலிலே படும்.

அக்டோபர் 18, ஞாயிறு

சாப்பாடு ஆனதும் இவர் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். மூன்று தலைக்குச் சந்தா கட்டலாம். நாலு தலைக்குக் கட்டினால் அரிசியில் கை வைக்க வேண்டும்.

"என் தலையை விட்டுடலாம். எனக்கு என்ன நோவு? கல்லு மாதிரி இருக்கேன்."

"உலையில நிக்கறவங்க நீங்க. இரும்புக் குழம்பு தெறிச்சா யாரு பாக்கறது? கல்லுமேலயும் தெறிக்கும்."

அவர் நெற்றியில் இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டார். அது அப்படித்தான் வந்தது.

பிள்ளைகள் வாசுவையும் தங்கமணியையும் விட முடியாது. போன மழைக்கு இரண்டும் காய்ச்சலில் கிடந்த கிடை எனக்குத்தான் தெரியும். ஆக, சுற்றிச் சுற்றி நான்தான் நாலாவது தலை. தையற்கடையில் பித்தான் தைக்கும் வேலை கேட்டிருக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை, மூச்சு வாங்காது. சுருட்டை விட்டுவிடுகிறேன் என்றார் இவர். விட்டால் மழை கொட்டும் என்றேன். சிரித்தார். சிரித்து ரொம்ப நாளாயிற்று.

அக்டோபர் 27, செவ்வாய்

விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. சுருட்டை நிஜமாகவே விட்டுவிட்டார். நாலாவது சந்தா தேறிவிடும் போலிருக்கிறது.

அக்டோபர் 31, சனி

தேறி என்ன செய்ய?

இன்றைக்கு இன்னொரு காகிதம் வாசித்திருக்கிறார்கள். சேருகிற ஒவ்வொரு தலையையும், மருந்துக்கடையில் நோயாளிகளைப் பார்க்கும் டிரெஸ்ஸர் சோதித்துப் பார்ப்பாராம். ஏற்கெனவே நாள்பட்ட நோய் இருப்பவர்களை நிதியில் எடுக்க முடியாது. எடுத்தால் நிதி தாங்காதாம்.

அடப்பாவிகளா — நோய் இல்லாதவனுக்கு மருந்து எதுக்குடா?

நவம்பர் 3, செவ்வாய்

ஆட்கள் சேர்ந்து துரையிடம் மனு கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டாராம். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றாராம். இருக்கிறது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு வாராவாரம் அது இருக்கும் மேடு ஏறி இறங்கினால் மருந்து வாங்க வேண்டிய தேவையே இருக்காது.

நவம்பர் 9, திங்கள்

தீபாவளி. பிள்ளைகளுக்கு மட்டும் புதுத்துணி.

பக்கத்து வீட்டு வீரம்மா பலகாரம் கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் தம்புசாமிக்கு வேலை போய்விட்டது. அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேறுகிறார்கள். அவளுக்கும் என் வயதுதான், என் உயரம்தான், என் நிறம்தான். ஆனால் இரண்டு குடம் தண்ணீரை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள்.

அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நான் போய் உங்க பேரைச் சொல்லி நின்னுட்டு வரட்டுமா? என் நெஞ்சைப் பாத்துட்டு எழுதிக்கட்டுமே. கப்பலேறிப் போறவளை யாரு தேடி வரப் போறா?"

பட்டறை டாக்டர் என்னைப் பார்த்தது போன வருஷம், அவரும் சீமைக்குப் போய்விட்டார். டிரெஸ்ஸர் விநாயகமூர்த்தி ஐயா புதிதாக வந்தவர், யாழ்ப்பாணத்தார். மருந்து வாங்கப் போவது இவர்தான், அதையும் கடைப் பையன்தான் யாருக்கு என்று கேட்காமல் ஊற்றிக் கொடுப்பான். என் முகத்தை அங்கே யாருக்கும் தெரியாது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 15, ஞாயிறு

இவருக்குப் பொய் என்றால் கை நடுங்கும். ஒரு வாரமாக முடியாது முடியாது என்றவர், நேற்று நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியதைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

"ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு ரெண்டாம் சம்சாரம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

வீரம்மாவுக்குப் பாடம் நடத்துகிறேன். என் அப்பா பெயர், பிறந்த ஊர் கிள்ளான், மிஷன் பள்ளியில் நாலாவது வரை படிப்பு, பிள்ளைகள் பிறந்த வருஷம். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறாள்.

நவம்பர் 21, சனி

போய்விட்டது. எல்லாம் போய்விட்டது.

காலையில் பிள்ளைகளை முதலில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார். பிறகு வீரம்மா என் நீலக்கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள். வாசலில் நின்று பார்த்தேன். பின்னாலிருந்து பார்த்தால் நானே போவது போலத்தான் இருந்தது.

உச்சி வெயிலில் திரும்பி வந்தார்கள். இவர் நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார். வீரம்மாதான் சொன்னாள், சொல்லும்போதே அழுகை.

டிரெஸ்ஸர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நல்ல நெஞ்சு என்று எழுதினாராம். அப்பா பெயர் கேட்டார், சொன்னாள். ஊர் கேட்டார், சொன்னாள். புருஷன் பெயர் கேட்டார். பளிச்சென்று சொல்லிவிட்டாள், இவர் பெயரை, முழுசாக.

டிரெஸ்ஸர் பேனாவைக் கீழே வைத்தாராம்.

"காலமை தொடக்கம் எத்தினை பெண்டுகள் வந்து போட்டினம். ஒருத்தியும் புருசன்ரை பேரை வாய் திறந்து சொல்லேல்லை. நீர் மாத்திரம் சொல்லிப் போட்டீர். நீர் ஆர் எண்டு நான் கேக்கேல்லை. போம்."

பிறகு இவரை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். பொய் சொன்னால் முழுக் குடும்பத்தின் பெயரையும் வெட்ட வேண்டும், அதுதான் விதி என்றாராம். திங்கட்கிழமை சாயங்காலம் பட்டியல் துரையிடம் போகிறது.

எல்லாம் சொல்லிக் கொடுத்தேனே, இதை எப்படி விட்டேன்? அவர் பெயர் என் வாயில் வந்ததே இல்லை. இதோ இந்தக் காகிதத்தில் எழுதக்கூடக் கை வரவில்லை. என் வாயில் இல்லாத ஒன்றை நான் எப்படி அவளுக்குச் சொல்லிக் கொடுப்பேன்? அவள்மேல் குற்றமே இல்லை. தம்புசாமியின் பெயரைக் கேட்டிருந்தால் அவளும் வாயைத் தைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு அண்ணன் பெயரைச் சொல்ல அவளுக்கு என்ன கூச்சம்?

நவம்பர் 22, ஞாயிறு

என் ஒருத்திக்காக மூன்று பேர் பெயரும் போகப் போகிறது. வாசு விளையாடிக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 23, திங்கள்

இவர் பட்டறைக்குப் போனதும் கிளம்பினேன். ரயில் பாதை ஓரமாக நடந்து, மூன்று இடத்தில் உட்கார்ந்து, மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். டிரெஸ்ஸர் ஐயா மட்டும் இருந்தார். தலை நரைத்த, மெலிந்த மனிதர்.

"ஆர் பிள்ளை நீர்?"

"சீதாலெட்சுமி, ஐயா."

"புருசன்ரை பேர்?"

வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். கேட்டால் சொல்லிவிடு, சாமி கண்ணைக் குத்தாது, சொல்லிவிடு என்று. வாயைத் திறந்தேன். வரவில்லை.

"உலையில வேலை செய்யறாங்க. நெத்தியில தழும்பு இருக்கும். சனிக்கிழமை இங்க வந்தாங்க" என்றேன்.

"விளங்குது. நீர்தான் அவர்ரை பெண்சாதி" என்றார். உட்காரச் சொல்லி, குழாயை வைத்து, முன்னாலும் பின்னாலும் கேட்டார். கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"என் பேரை வெட்டிடுங்க ஐயா. அவங்க மூணு பேரையும் விட்டுடுங்க. எங்க வீட்டுக்காரங்க பொய் சொல்லத் தெரியாதவங்க. நான்தான் அனுப்பினேன்."

"உமக்கு மருந்து வேணுமே."

"வேணும்."

"நான் எழுதேலாது, பிள்ளை."

"தெரியும் ஐயா."

பட்டியலை எடுத்து, அளவுகோல் வைத்து, என் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். மற்ற மூன்றையும் தொடவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வழியில்தான் ஆத்திரம் வந்தது. அவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட வேண்டுமா? கையால் கிறுக்கியிருந்தால் போதாதா?

டிசம்பர் 5, சனி

வீரம்மா குடும்பம் கிள்ளான் துறைமுகத்துக்கு ரயிலேறியது. "என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதாக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீலக்கரைப் புடவையை அவளுக்கே கொடுத்துவிட்டேன். இனி அதை என்னால் கட்ட முடியாது.

டிசம்பர் 14, திங்கள்

பெயர் வெட்டுப்பட்டதிலிருந்தே பட்டறைக் கடையில் எனக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். பித்தான் காசில் கடைத்தெரு மருந்துக்கடையில் ஒரு புட்டி வாங்கினார் இவர். சின்னப் புட்டி. அரை மூடியாகக் குடிக்கிறேன். முழு மூடி என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 27, ஞாயிறு

கால் வீக்கம் முழங்கால் வரை.

1932 ஜனவரி 3, ஞாயிறு

நிதி தொடங்கிவிட்டது. மூன்று அட்டைகள் வந்தன. பிள்ளைகளின் அட்டையைச் சாமி படத்தின் பின்னால் வைத்தேன். மனசுக்கு நிம்மதிதான். பொறாமையாகவும் இருந்தது. பெற்ற பிள்ளைகள்மேல் பொறாமை. நல்லா இருக்குடி உன் லட்சணம்.

ஜனவரி 12, செவ்வாய்

இவர் ஒரு பெரிய புட்டியோடு வந்தார். பழைய மருந்து, அதே நிறம், அதே கசப்பு.

"டிரெஸ்ஸர் ஐயா குடுத்தாரு" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. புட்டியைக் கொடுத்த கை நடுங்கியது.

நான் கேட்கவில்லை. கேட்டால் வருவது நின்றுவிடுமோ என்று பயம். முழு மூடி குடித்தேன்.

ஜனவரி 30, சனி

வீக்கம் வடிந்துவிட்டது. இன்று நானே பாசாருக்கு நடந்துபோய்க் கீரை வாங்கி வந்தேன். வழியில் ஒரு தடவைதான் நின்றேன்.

பிப்ரவரி 13, சனி

பொழுதோடு வீட்டுக்கு வந்தார். சட்டையில் கரி இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது.

உலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வாசல் காவல். சம்பளமும் காவல்காரன் சம்பளம்தான்.

"ஏன்? என்ன தப்பு செஞ்சீங்க?"

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார். பொங்கலுக்கு முன்னால் டிரெஸ்ஸரிடம் போயிருக்கிறார். நெஞ்சு படபடக்கிறது, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நான் ராத்திரியில் முனகுவதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறார். தனக்கு என்று. டிரெஸ்ஸர் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டாராம். ஒரு வார்த்தை பேசாமல் மருந்தை எழுதிக் கொடுத்தாராம்.

ஒரு பெண் வாய் திறந்ததை வைத்தே அவள் யார் என்று கண்டவர். இந்த நெஞ்சில் நோய் இல்லை என்று அவருக்கா தெரியாது?

நிதியில் மருந்து வாங்குகிறவர்களின் விவரம் துரைக்குப் போகும் என்பது இவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். இருதயம் கெட்டவன் உலையில் நிற்கக்கூடாது என்று துரை உத்தரவு போட்டுவிட்டார்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பதினாறு வயதிலிருந்து அந்த உலையில் நின்றவர். இவர் வார்த்த இரும்பு என்று ஆட்கள் தட்டிக் காட்டுவார்களே. இனி கேட்டில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டிக்குக் கதவு திறப்பாரா? அடுத்த ஆட்குறைப்பில் நோயாளிகளைத்தானே முதலில் அனுப்புவான்? எனக்காக ஏங்க இப்படிச் செஞ்சீங்க, நான் போனா போயிருப்பேனே —

"கேட்டுல நிழல் இருக்கு புள்ள" என்றார்.

பிப்ரவரி 14, ஞாயிறு

காலையில் ஒரு மூடி குடித்தேன். குடிக்காமல் விட்டால் அவர் விட்டது அத்தனையும் வீண்.

விஷயம் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டு இராஜம்மா கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு விசாரிக்க வந்தாள். "அண்ணனைப் பாத்துக்குங்கக்கா. நெஞ்சு நோவு பொல்லாதது" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, பசித்த மனிதன் மாதிரி அந்தக் கஞ்சியைக் குடித்தார்.

அவள் போனதும் கதவைச் சாத்தினேன். கால் வீங்கினவர் காலைத் தொங்கப்போட்டு உட்காரமாட்டார் என்று சொல்லிக் கொடுத்தேன். நாலு வாய் குடித்ததும் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்றேன். தலையணை இரண்டை அடுக்கி, அதில் சாய்ந்து, இப்படித்தான் படுக்க வேண்டும் என்று படுத்துக் காட்டினேன்.

சொன்னபடி செய்து பார்த்தார்.