மன்னாருக்குப் போன வேன்

களுவாஞ்சிக்குடி
22.09.2025

அன்பு மச்சான் முனாபுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எத்தனையோ தரம் அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஹவ்வா உம்மா தங்கச்சி போய்விட்டாள் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அன்று விடியற்காலை மன்னார் மேட்சுக்கு உன்னை ஏற்ற வந்தபோதுகூட உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டதே. நீ வரவில்லை என்று நின்றுகொண்டாய், நாங்கள் புறப்பட்டோம். மதவாச்சியில் தேநீர் குடிக்கும்போது உன் மகன் மின்ஹாஜ் போனில் சொன்னான். உடனே வேனைத் திருப்பச் சொன்னேன். எங்கள் கேடுகாலம், திருப்பிய இடத்திலேயே என்ஜின் சூடேறி நின்றுவிட்டது. மேட்சும் இல்லை, உன் வீடும் இல்லை, நடுத்தெருவில் கிடந்தோம்.

முப்பத்தோராம் நாளுக்குக் குடும்பத்தோடு வருகிறேன். எங்கள் ஆட்களில் அதுதான் பெரிய நாள். என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுது.

மனதைத் தேற்றிக்கொள். நம் மாவட்ட அணி வென்றதாகக் கேள்வி. அடுத்த மாதம் திருகோணமலையில் அரையிறுதி. முன் இருக்கை எப்போதும்போல உனக்குத்தான்.

உன்
நல்லரத்தினம்


காத்தான்குடி
29.09.2025

நல்லரத்தினத்துக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் வீட்டில் முப்பத்தொன்று கிடையாது. துக்கம் விசாரிக்க மூன்று நாள். முப்பது வருடம் என் வீட்டில் சாப்பிட்டவனுக்கு இது தெரியாதா? மூன்று நாளும் வாசலில் கதிரை போட்டிருந்தேன். ஏறாவூரிலிருந்து முகம் தெரியாதவர்கள்கூட வந்து இருந்துவிட்டுப் போனார்கள். என் மனைவியைத் தங்கச்சி என்று எழுதுகிற நீ வரவில்லை.

வேன் பழுதான கதையை வேறு யாருக்காவது சொல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். மன்னாரிலிருந்து திரும்புகிற வேன் எங்கள் ஊரைத் தாண்டாமல் உன் ஊருக்குப் போக முடியாது. அவளை அடக்கிவிட்டு வந்து, தூக்கம் பிடிக்காமல் வாசலில் இருந்தேன். தூரத்தில் பாட்டும் கூச்சலுமாக வந்தீர்கள். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் பாட்டு நின்றது. சந்தியைத் தாண்டியதும் மறுபடி தொடங்கியது. நடுத்தெருவில் கிடந்து வந்த ஆட்களுக்கு என்ன பாட்டு?

யார் நிறுத்தச் சொன்னது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வேனில் என் வீட்டையும் வீட்டு ஆட்களையும் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

முனாப்


களுவாஞ்சிக்குடி
03.10.2025

மச்சான்,

பொய்தான். வேன் பழுதாகவில்லை.

செய்தி வந்ததும் வேனை விட்டு இறங்கி நின்றேன், அது உண்மை. எங்கள் ஆட்கள் என்றால் மறுநாள்வரையாவது வைத்திருப்போம். உங்கள் ஆட்கள் அன்று பின்னேரமே அஸர் தொழுகையோடு அடக்கிவிடுவீர்கள். திரும்பினாலும் முகம் பார்க்கக் கிடைக்காது என்று கணக்குப் போட்டேன். "இனிக் கிறுகிப் போய் என்ன செய்யிற அண்ணன், ஏறுங்க" என்று பொடியன்கள் சொன்னார்கள். ஏறிவிட்டேன். கோல் விழுந்தபோது நானும் எழும்பிக் குதித்தேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உன் தெருமுனையில் இறங்கத்தான் நினைத்தேன். முகம் முழுக்க அணியின் நிறம் பூசியிருந்தது. அந்த முகத்தோடு மையித்து வீட்டு வாசலுக்கு எப்படி வருவது? அடுத்த நாள் வெட்கம். அதற்கடுத்த நாள் இன்னும் வெட்கம்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார். 2019-இல் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, எங்கள் ஆட்கள் உங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்காத நேரத்தில் உன்னைத் தேடி வந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஏசினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நல்லரத்தினம்


காத்தான்குடி
08.10.2025

நல்லரத்தினத்துக்கு,

ஞாயிறு நீ வந்து கேட்டைத் தட்டியது கேட்டது. வீட்டுக்குள்தான் இருந்தேன்.

2019-இல் வந்தாய். மறக்கவில்லை. கொழும்பில் நடந்த மேட்சுக்கு என்னை ஏற்ற வந்தாய். ஊரே பயந்து கிடந்த நாளில் ஹவ்வா உனக்குச் சோறு போட்டு, வழிக்கும் கட்டித் தந்தாள்.

அவள் போன அன்று விடிய வீட்டுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் புறப்பட்டுக் காலில் சப்பாத்தும் போட்டுவிட்டேன். நீ வாசலில் நின்றபடி, "சும்மா காய்ச்சல்தானே மச்சான், பின்னேரம் சுகமாகிரும், வா" என்று கத்தினாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளும், "போயிட்டு வாங்க, அண்ணன் பாத்துக்கு நிக்கிறார்" என்றுதான் சொன்னாள். சொன்னாளே தவிர, என் கையை விடவில்லை. அதனால்தான் போகாமல் நின்றேன்.

அவள் கையை விட்டிருந்தால் நானும் மதவாச்சியில் உன் பக்கத்தில் நின்று அதே கணக்கைப் போட்டிருப்பேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னை மன்னிக்கச் சொல்லி மின்ஹாஜ் கெஞ்சுகிறான். உன்னை மன்னிப்பது பெரிய காரியமில்லை. உன் முகத்தைப் பார்த்தால் சப்பாத்தோடு நின்ற என்னையும் பார்க்க வேண்டும், அதற்குத்தான் என்னால் முடியாது.

இனி வராதே. திருகோணமலைக்கும் வேன் இந்த வழியால்தான் போகும். போங்கள். தெருமுனையில் பாட்டை நிறுத்தாதே. அங்கே உனக்குத் தெரிந்த வீடு எதுவும் இல்லை.

முனாப்