இருட்டறையில் பதினேழு மொட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அவருடைய முட்டிவலி மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ போனில் அனுப்பும் கட்டைவிரல் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம், அந்த விரலாவது நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷம்.

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன கள்ளிச்செடி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எங்களை அப்புறம் விசாரிக்கலாம், அவசரமில்லை. வருடக் கடைசி லீவில் தவறாமல் பூக்கும் என்றாய், மூன்று வருடமாக அதுவும் பூக்கவில்லை, லீவுக்கு நீயும் வரவில்லை, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்னவோ. போன வருடம் உன் அப்பா வைத்தியத்தில் இறங்கினார். ஆறு வாரம் தினமும் சாயங்காலத்திலிருந்து காலைவரை விளக்கு வெளிச்சமே படக்கூடாது என்று நர்சரிக்காரர் சொன்னாராம். உடனே டி.வி. வந்த அட்டைப்பெட்டியைச் செடிமேல் கவிழ்த்தார். கவிழ்த்தவர் சும்மா இருந்தாரா, அரைமணிக்கொரு தரம் பெட்டியைத் தூக்கி, மொட்டு வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். நீங்க தூங்கினாத்தான் சார் செடியும் தூங்கும் என்று நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த வருடம் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் விளக்கே போடாத இடம் எது என்று ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை, உன் அறைதான் இருக்கிறதே. ஜன்னலோரம் உன் மேஜைமேல் வைத்தேன், மண் காய்ந்தால் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். டார்ச்காரரை வாசற்படியோடு நிறுத்திவிட்டேன். நேற்றுப் பார்த்தால் நுனியெல்லாம் மொட்டு, பதினேழு. சந்தோஷத்தில் உன் அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தவள், உன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த அறை எவ்வளவு இருட்டாகக் கிடந்திருக்கிறது என்று செடி சொல்லித்தான் எனக்கே உறைத்தது.

நீ நாலு நாள் இல்லாவிட்டால் உன் ஆபீஸ் இடிந்து விழுந்துவிடும், தெரியும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசி.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். மொட்டுவிட்ட தொட்டியை இடம் மாற்றினால் மொட்டெல்லாம் உதிர்ந்துவிடுமாம், ஆகவே இடம் மாற வேண்டியது நீதான். மொட்டு வந்த பிறகு விளக்குப் போட்டால் ஒன்றும் ஆகாதாம், இரண்டு தடவை கேட்டு வைத்துக்கொண்டேன். நான் போடப்போவதில்லை. உன் அறை விளக்கை நீயே வந்து போடு.

இப்படிக்கு,
உன் செடிக்குச் சம்பளமில்லாத காவல்காரி,
அம்மா