நீங்கள் வைத்த மருதாணிப் புள்ளிகள்

மேசை இழுப்பறையைத் துழாவியபோது உங்கள் ஊக்கு கையில் பட்டது. துருப்பிடித்திருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியை உங்கள் மகள் சொல்லி மூன்று நாளாகிறது. எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றைச் சொல்லாமலே விட்டோமே என்பதுதான் குடைகிறது.

அப்போது ஆட்சி மாறிய புதிது. குத்தாலம் பக்கம் ஊருக்கு ஊர் கூலித் தகராறு. தை அறுப்புக்கு எங்கள் அப்பா வெளியூர் ஆட்களை இறக்கினார். கொடியோடு மறிக்க வந்த கூட்டத்தில், எங்கள் வயலில் நடவு நட்டுவந்த நீங்களும் நின்றீர்கள். தள்ளுமுள்ளில் யாருடைய அரிவாளோ உங்கள் வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அறுந்த நரம்பைத் தைத்தார். நான் அங்கே பயிற்சி டாக்டர். மிராசுதார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் உணர்ச்சியைச் சோதிக்க ஊசி தேடினேன். வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் கொடுத்தீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் குத்தினேன். ஒன்றும் தெரியவில்லை என்றீர்கள்.

“நரம்பு செத்துப்போச்சு. இனிமே நடவு கிடவுன்னு நினைக்காதே.”

வயதில் மூத்த உங்களை ஒருமையில் பேசியது அன்று எனக்கு உறுத்தவில்லை. கட்டிய நாற்று முடியிலிருந்து நாலைப் பிரிப்பதும் சேற்றின் ஆழம் பார்த்து ஊன்றுவதும் அந்த மூன்று விரல்கள்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஆனியில் வந்தபோது உங்கள் கையில் வரிசையாக மருதாணிப் புள்ளிகள். அமாவாசைக்கு அமாவாசை தழும்பிலிருந்து விரலால் தட்டிக்கொண்டே வருவீர்களாம். எங்கே தட்டினால் சுருக்கென்று விரலுக்கு ஓடுகிறதோ அங்கே ஒரு புள்ளி. மங்கியதன் மேல் மறுபடி வைத்துக்கொள்வீர்களாம். மாதத்துக்கு ஒரு விரற்கடை நகர்ந்து, கடைசிப் புள்ளி உள்ளங்கைக்கே வந்திருந்தது.

“செத்ததுன்னா எப்படிங்க சின்னய்யா நடந்து வரும்?”

இன்று மாணவர்களுக்கு நான் எடுக்கும் பாடமே அதுதான். உணர்ச்சி நரம்பின் உயிரணு கையில் இல்லை, முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள இழைதான் அழியும். பச்சைக் குழந்தைக்கென்றால், நுனியிலிருந்து வரும் ஊட்டம் நின்றதும் அந்த உயிரணுக்களில் பல மடிந்துபோகும். வளர்ந்தவர்களிடம் பெரும்பாலானவை தாக்குப்பிடிக்கும். தமக்கு வேண்டியதைத் தாமே சுரந்துகொண்டு, பக்கத்து அணுக்களின் துணையோடு கிடந்து, மறுபடி இழை விடும். அந்த இழையின் நுனி வளர வளரத்தான் உங்கள் புள்ளியும் நகர்ந்தது. நான் விரல் நுனியைக் குத்திப் பார்த்துவிட்டு எல்லாமே செத்ததாகச் சொல்லியிருக்கிறேன்.

புரட்டாசியில் அதே ஊக்கால் குத்தியபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரித்தீர்கள். ஊக்கைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. அடுத்த ஆளைக் குத்த வேண்டாமா, வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள்.

ஆனால் அந்த வருஷம் குறுவை, சம்பா இரண்டு நடவுக்கும் எங்கள் வயலில் உங்களைக் கூப்பிடவில்லை. கொடி பிடித்ததற்காக கூலியாட்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பண்ணைக் காரியக்காரர் பழிவாங்கிவிட்டார் என்று நம்பினீர்கள். பிற்பாடு கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோதெல்லாம் அந்த மனுஷனை வாய் ஓயாமல் திட்டினீர்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வருஷம் குறுவைக்கு ஆள் சேர்க்கும் முன் காரியக்காரர் என்னிடம் வந்து, அந்தக் கை தேறுமா என்று கேட்டார். தேறாது என்றேன். நீங்கள் புள்ளிகளைக் காட்டிய பிறகும், வலித்துக் கையை இழுத்த பிறகும், நான் போய் மாற்றிச் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னால் அப்பாவிடம் உங்களுக்காகப் பேச வேண்டிவரும், அதற்குப் பயமாக இருந்தது.

ஊக்கைத் துடைத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டேன். காரியக்காரர் நான் சொன்னதைத்தான் செய்தார். நீங்கள் திட்டியிருக்க வேண்டியது என்னை.