கல்லூரிக்குப் போனவளும் போனில் படித்தவளும்

இன்று காலை எங்கள் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியைகள் சிலர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சேலை, ஒரே கரை. வராந்தாவில் என்னைக் கடந்து போனபோது கஞ்சி போட்ட துணியின் வாசனை வந்தது. அப்படியொரு சேலையை நானும் இரண்டு வருடம் கட்டினேன். நீ கட்டவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் நாம் வேலை பார்த்த அந்தச் சின்னப் பள்ளியில், பி.எட். இல்லாமல் பெரிய வகுப்புகள் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். செட்டியார்பட்டியில் மாமியார் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த எனக்கு, போனில் வந்த விளம்பரம் வரம் போலத் தெரிந்தது. வீட்டிலிருந்தே பி.எட்., கல்லூரிப் பக்கமே போக வேண்டாம். நீதான் போனை வாங்கி அந்த எண்ணுக்குப் பேசினாய். இதற்கு அங்கீகாரம் உண்டா, வேலைக்குச் செல்லுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டாய். சர்டிஃபிகேட் கைக்கு வந்துவிடும் என்பதையே அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கைக்கு வந்துரும்ங்கான். செல்லுமான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான். ஏட்டி, நீ பஸ் ஏறிக் காலேஜுக்கே போ" என்றாய்.

நீ மட்டும் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தபோது எனக்குக் கோபம் வந்தது. பொறுமையாக விளக்கினாய். உன்னிடம் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ இருந்தது, சின்ன வகுப்புகளில் வேலையும் இருந்தது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தொலைநிலையில் இடம் தரும். எனக்கு அந்த வழி இல்லை. பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பாவை வைத்துக்கொண்டு உன்னால் வேலையை விடவும் முடியாது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிக்குப் போனேன். நீ அதே ஊரில், மடவார் வளாகம் பகுதியில் இருந்த உன் வீட்டில், ஜன்னல் கம்பியில் போனைச் செருகி வைத்து, அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியபடியே பாடம் கேட்டாய். கல்லூரியில் என் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்று பேராசிரியை எல்லோர் முன்னாலும் சொல்வார். உனக்கு அதில்தான் பொறாமை. உன் வகுப்பில் அப்படி உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்ல ஆளே இல்லை என்பாய். என் விடுமுறை நாட்களில் உன் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னாய்.

"நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாத. எந்த எடத்துல புள்ளைகளுக்கு வெளங்கலன்னு சொல்லு."

பின்னக் கணக்கில் அவசரப்படுகிறாய் என்றேன். உன் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் அதே கணக்கை வேறு விதமாக நடத்தினாய்.

இருவரும் தேறிய பிறகு இந்தப் பள்ளிக்கு நேர்காணலுக்கு வந்தோம். என் சான்றிதழை மேலோட்டமாகப் பார்த்து வைத்த நிர்வாகி, உன்னுடையதைப் பார்த்ததும் சிரித்தார். வீட்டில் உட்கார்ந்து படித்தவர் வகுப்பு நிறையப் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை.

"இது செல்லும் சார், விசாரிச்சுக்கிடுங்க. எனக்கு ஒரு வகுப்பக் கொடுங்க. பின்னால உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். மணி அடித்த பிறகும் எழவில்லை. இருவருக்கும் வேலை கிடைத்தது.

அடுத்த வருட மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழவே இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில், உன் வகுப்புக்கு யார் போகிறார்கள் என்று கேட்டாய். நான்தான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். அப்பா இப்போது உன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் கணக்கு ஆசிரியர் வேலைக்கு வந்த விண்ணப்பங்களைப் பிரிக்கச் சொன்ன தலைமையாசிரியை, தொலைநிலையில் படித்தவர்களை ஒதுக்கிவிடும்படி சொன்னார். மாட்டேன் என்றேன். அங்கீகாரம் இல்லாததை நானே தள்ளிவிடுகிறேன், மற்ற எல்லோரையும் வகுப்பில் நிறுத்திப் பார்ப்போம் என்றேன். அவர் விண்ணப்பக் கட்டை என் பக்கமே தள்ளினார்.

"சரி டீச்சர், நீங்களே பாருங்க. பொறவு எங்கிட்ட வந்து சொல்லுங்க."

பிடிவாதம் உன் குணம். என்னிடம் எப்போது ஒட்டியது என்று தெரியவில்லை. ஒட்டியதை விடுவதாக இல்லை.

திங்கட்கிழமை முதலில் வருகிறவள் சுந்தரபாண்டியத்துப் பெண். வேலை பார்த்துக்கொண்டே போனில் படித்தவளாம். அவள் நடத்திக் காட்ட ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவைக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பள்ளியிலேயே வாயடங்காத பிள்ளைகள் அதில்தான் இருக்கிறார்கள்.