அஞ்சலி பேனரில் என் படம்

அக்டோபர் 21, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. இன்று காலையில், எங்கள் லிங்கராஜபுரம் பின்தெருவில் கட்டிக்கொண்டிருந்த நாலு மாடி இடிந்து விழுந்துவிட்டது. பெயிண்டர் அசோகன் உள்ளே இருந்தான். போய்விட்டான். இருபத்தாறு வயசு. மே மாதம் என் பேக்கரிக்குப் பெயிண்ட் அடித்தவன்.

டிவி வண்டிகள் தெருவை அடைத்து நிற்கின்றன. ஒரு நிருபர் பெண் மைக்கை நீட்டினாள். அரை மணி நேரம் பேசினேன். டிவியில் என் முழங்கை மட்டும் வந்தது.

அக்டோபர் 22, புதன்

மற்ற கடைக்காரர்களில் ஒருவனாவது ஒரு வார்த்தை சொன்னானா? நான் செய்தேன். பத்துக்கு எட்டு அடி பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி. அசோகன் பிரஷ்ஷோடு சிரிக்கிற படம், பேக்கரிக்குப் பெயிண்ட் அடித்த அன்றைக்கு நானே என் போனில் எடுத்தது. பெங்களூரிலேயே இப்படி ஓர் அஞ்சலி கிடையாது. ஜனம் நின்று நின்று பார்க்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

நின்று பார்த்தது வேறு விஷயத்துக்காம்!

பேனரைப் படம் பிடித்து, ‘சாவுலயும் பிசினஸா?’ என்று எவனோ வாட்ஸப்பில் விட்டிருக்கிறான். கீழே ‘ஆழ்ந்த இரங்கலுடன் கேக் சக்கரவர்த்தி லாயிட்’ என்று என் படமும் போன் நம்பரும் இருக்கிறதாம். பேனர் என்றால் கட்டியவன் படம் இருக்காதா? எந்த ஊர் நியாயம்? ‘முட்டையில்லாத கேக்கும் கிடைக்கும்’ என்ற வரி என் பழைய டிசைனில் இருந்தது, பிளெக்ஸ்காரன் எடுக்காமல் விட்டான். நான் பார்த்தேன்தான். அது வேறு.

என் மகள் ஸ்னேஹாவுக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை. அவள் சொல்கிறாள்: “டாடி, செத்தவரைவிட உங்க கூலிங் கிளாஸ் பெருசா இருக்கு. பேனரைக் கழட்டுங்க. ஊரே துக்கத்துல இருக்கறப்போ கடை பேரே கண்ணுல படக்கூடாது. யார் திட்டினாலும் பதில் போடாதீங்க.”

ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கு ஏழடுக்கு கேக் செய்தவனுக்கு இவள் சொல்லித்தருகிறாள்!

அக்டோபர் 24, வெள்ளி

பேனரைக் கழற்றினேன். மழையில் கிழிந்ததால் மட்டுமே.

ஆனால் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? சர்ச் குரூப்பில் ஒன்பது நிமிஷம் வாய்ஸ் போட்டேன். கே.ஜி.எஃப். தங்கச் சுரங்க விபத்தில் எங்கப்பா ஒற்றை ஆளாகப் பதினேழு பேரைத் தூக்கி வந்ததையும் சேர்த்தேன். (போன வருஷம் பதினொன்று என்றேனோ?)

மாலையில் சர்ச் கமிட்டி செயலாளர் ஓஸ்வால்ட் போன். என்னோடு எட்டாம் கிளாஸ் வரை படித்தவன்.

“மச்சான், கிறிஸ்மஸ் கேக் ஆர்டர் இந்தத் தடவை உனக்கு இல்ல. அந்த வாய்ஸை கேட்டு கமிட்டியில எல்லாரும் கொதிக்கிறாங்கப்பா.”

எண்ணூறு கேக். பதினாலு வருஷமாக என் கேக். அதில்தான் கடை மறு வருஷத்தைத் தொடும். அது இல்லையென்றால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். என்ன கொலை செய்துவிட்டேன்?

அக்டோபர் 25, சனி

யோசனை கிடைத்துவிட்டது. அசோகனின் அம்மாவே வீடியோவில் சொல்லட்டும், பேனரில் அவளுக்கு வருத்தமில்லை என்று. அப்புறம் எவன் பேசுவான்?

அக்டோபர் 26, ஞாயிறு

ஒக்கலிபுரத்தில் அசோகன் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டேதான் நுழைந்தேன். அவன் அம்மா வள்ளியம்மா என்னைத் திட்டவில்லை.

“பேனரை நானும் பாத்தேண்ணா. அதுல சிரிக்கிறானே... அந்த போட்டோ கிடைக்குமா? எங்கூட்ல அவன் சிரிக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல. இன்னா பண்றது, ஆதார் போட்டோவைத்தான் பெருசு பண்ணி வெச்சிருக்கோம்.”

சுவரைப் பார்த்தேன். மாலைக்குள் அசோகன் போலீஸ் பிடித்த ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தான்.

“பேனரா குடுத்தா இங்க எடம் இல்லண்ணா. அவன் மட்டும் போதும்” என்றாள்.

வீடியோ எடுக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

படத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டேன். ஸ்டுடியோக்காரன், “கீழ ‘அன்பளிப்பு லாயிட் பேக்கரி’ன்னு போடட்டா அங்கிள்?” என்று கேட்டான். என்ன ஜென்மமோ! எழவு வீட்டுச் சுவரில் எவனாவது கடை பேரை எழுதுவானா? திட்டிவிட்டு வந்தேன். வள்ளியம்மா வீட்டில் ஆணி நானே அடித்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

பூசை முடிந்து ஓஸ்வால்ட் வழியை மறித்தான்.

“டேய், நீ அந்தம்மா வீட்டுக்குப் போட்டோ மாட்டிக் குடுத்தியாமே? ஸ்டுடியோக்காரன் சொன்னான். ஆமான்னு சொல்லு, இப்பவே குரூப்ல போடறேன். ஆர்டர் உனக்கே திரும்பிடும்.”

அவன் போன் கையில்தான் இருந்தது. எண்ணூறு கேக்.

“நானா? ஒக்கலிபுரம் பக்கமே போகலடா. அவன் வேற யாரையோ பாத்திருப்பான்.”

“அதானே பாத்தேன்” என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நாற்பது வருஷமாக நான் சொன்ன ஒன்றையும் நம்பாத பயல், இதை மட்டும் உடனே நம்பிவிட்டான்.